ரிமோட் திறப்பைக் கழற்றிப் பாராமலே விலை சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற பங்குனி மாதத்தில் ஒரு நாள், மாங்குளம் சந்தியில் மரக்கறிப் பையைக் காரில் ஏற்ற முற்பட்டபோது, காரின் ரிமோட் திறப்பு என் கையிலிருந்து நழுவிச் சீமெந்துத் தரையில் விழுந்தது. கூட்டின் ஒரு மூலை வெடித்துவிட்டது. பொத்தானை எத்தனை தடவை அழுத்தியும் கதவுகள் அசையவில்லை. இரும்பு அலகைக் கதவின் துவாரத்தில் இட்டுத் திருப்பியபோது கதவு திறந்தது, ஆனால் உடனே காவல் ஒலி எழும்பிச் சந்தியில் நின்றவர்கள் எல்லோரையும் என் பக்கம் திரும்ப வைத்தது. அதே திறப்பை உள்ளே செலுத்தி முறுக்கியதும் ஒலி அடங்கியது. இயந்திரமும் வழமைபோல் இயங்கத் தொடங்கியது.

அந்தத் திறப்பால் இயக்கிய காரிலேயே ஏ9 வீதியால் 40 கிலோமீற்றருக்கு மேல் ஓடி வவுனியாவுக்குப் போனேன். அங்கே ஒரு கடையில் திறப்பைக் கையில் வாங்கிய இளைஞர் அதை ஒரு தடவை புரட்டிப் பார்த்தார்; இது இனிச் சரிவராது, புதிய திறப்பும், கார் அதை அடையாளம் காணும்படி காருக்குப் பழக்கும் வேலையும் சேர்த்து 45,000 ரூபா ஆகும், சாமானைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும் என்றார். கூட்டைக் கழற்றிப் பார்க்கவில்லையே என்று கேட்டதற்கு, இவை கழற்றிப் பார்க்கும் சாமான்கள் அல்ல என்ற பதில் வந்தது. வாசலில் நின்ற காரை அந்தத் திறப்புத்தான் அங்கே கொண்டுவந்து சேர்த்தது என்பதை அவரும் யோசிக்கவில்லை. அந்த வேளையில் எனக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

இரண்டு நாட்கள் கழித்து மல்லாவியில் கைத்தொலைபேசி திருத்தும் ஒரு தம்பி, மெல்லிய தகட்டைக் கூட்டின் பொருத்தில் நுழைத்து அதை என் கண்முன்னே இரண்டாகப் பிரித்தார். பற்றரியைப் பிடித்திருக்கும் தகரத் தகட்டின் ஒரு கால், விழுந்த அதிர்ச்சியில் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையிலிருந்து கழன்றிருந்தது. பூட்டும் பொத்தானுக்குக் கீழிருந்த சின்னச் சதுரச் சுவிச்சின் ஒரு மூலையிலும் ஈயம் வெடித்திருந்தது. இரண்டையும் மீண்டும் ஈயம் உருக்கி ஒட்டி, புதிய பற்றரி ஒன்று போட்டு, கூட்டின் வெடிப்பைப் பசையால் மூடித் தந்தார். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. அவர் கேட்டது 800 ரூபா. திறப்பு இன்றுவரை குறையின்றி வேலை செய்கிறது.

வவுனியாவில் சொன்ன விலை கூடவா குறையவா என்பது என் முறைப்பாடு அல்ல. புதிய திறப்பு உண்மையாகவே தேவைப்படும் இடத்தில் அந்தத் தொகை நியாயமானதாகவும் இருக்கலாம். பழுதடைந்த பொருளைக் கழற்றி, உரியவருக்குக் காட்டி, எந்தப் பகுதி கெட்டது என்று சொன்ன பிறகுதான் மாற்ற வேண்டும் என்ற பேச்சு எழ வேண்டும் என்பதே நான் கேட்பது. கொழும்பில் வசிப்பவருக்கு ஒரு கடை சரியில்லை என்றால் அடுத்த தெருவில் இன்னொரு கடை உண்டு. முல்லைத்தீவிலோ துணுக்காயிலோ பூநகரியிலோ இருப்பவர், திறப்பு ஒன்றுக்காக வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஒரு நாளைச் செலவழித்துப் போகிறார். போன இடத்தில் சொல்லப்படுவதே அவருக்கு முடிந்த முடிவாகிவிடுகிறது.

நான் நீண்ட காலம் விஞ்ஞானம் கற்பித்தவன் என்பதால், பாடம் நடத்தும் பழக்கத்தை ஆசிரியர் அவர்கள் இவ்விடத்தில் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ரிமோட் திறப்பு என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது, ஒரே கூட்டுக்குள் குடியிருக்கும் மூன்று பொருள்களை. ஒன்று, கதவுப் பூட்டுக்கும் இயக்கும் துவாரத்துக்கும் பொருந்துமாறு வெட்டப்பட்ட இரும்பு அலகு. மற்றொன்று, பொத்தானை அழுத்தும்போது வானொலி அலையில் கட்டளை அனுப்பும் சிறிய பலகை. பற்றரி இதற்காகவே இருக்கிறது. இன்னொன்று, இந்தத் திறப்பு இந்தக் காருக்கு உரியதுதான் என்று சாட்சி சொல்லும் சிப். சாதாரண முறுக்குத் திறப்புகளில் இது பெரும்பாலும் அரை விரல் நகமளவு கறுப்புத் துண்டாகவோ, நெல்மணியை விடச் சற்றுப் பெரிய கண்ணாடிக் குழாயாகவோ, தனியாக ஒரு மூலையில் செருகப்பட்டிருக்கும். ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட திருட்டுத் தடுப்பு முறை இதுதான்.

இந்தச் சிப்புக்குப் பற்றரி வேண்டியதில்லை என்பது பலருக்குத் தெரியாது. திறப்பு நுழையும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. திறப்பை முறுக்கியதும் அந்தச் சுருளில் 125 அல்லது 134 கிலோஹேர்ட்ஸ் அளவில் மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலம் எழுகிறது. அதனால் சிப்பினுள்ளிருக்கும் நுண்ணிய சுருளில் மின் தூண்டப்படுகிறது. அந்த மின்னைக் கொண்டே சிப் விழித்துத் தன் அடையாளத்தைச் சொல்லிவிட்டு மீண்டும் உறங்கிப்போகிறது. 1831 இல் மைக்கேல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதற்கு அடிப்படை. சைக்கிள் டைனமோவை உதாரணம் காட்டி நாங்கள் வகுப்பில் விளக்கியதும் இதையேதான்.

இவ்வளவையும் விளங்கிக்கொண்டால், கடைக்குப் போகுமுன்பே பழுது எங்கே என்று பாதி கண்டுபிடித்துவிடலாம். பொத்தான் வேலை செய்யவில்லை, ஆனால் கார் இயங்குகிறது என்றால் சிப் நலமாக இருக்கிறது. பற்றரி, அதன் தகடு, சுவிச்சு, ஈயப் பொருத்து ஆகியவற்றுள் ஒன்றே பெரும்பாலும் குற்றவாளி. இவை அனைத்தும் திருத்தக்கூடியவை. மாறாக, பொத்தானுக்குக் கதவு திறக்கிறது, இயந்திரம் இயங்க மறுக்கிறது, சாரதிக்கு முன்னுள்ள முகப்பில் திறப்பின் படம் போட்ட விளக்கு விடாமல் மின்னுகிறது என்றால் சிப்பையோ துவாரத்தைச் சுற்றியுள்ள சுருளையோதான் பார்க்க வேண்டும். இரண்டாவது திறப்பு வீட்டில் இருந்தால் சோதனை இன்னும் எளிது. இரண்டு திறப்புகளின் பொத்தானுக்கும் கார் செவிசாய்க்கவில்லை என்றால், பழுது திறப்பில் இல்லாமல் காரில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அப்போது புதிய திறப்பு வாங்குவது வீண் செலவு.

பற்றரியைப் பற்றிச் சில சொற்கள். பெரும்பாலான திறப்புகளில் உள்ளது 3 வோல்ற் லிதியம் வில்லைப் பற்றரி. அதன்மேல் சீஆர் 2032 என்று பொறித்திருந்தால் முதல் இரண்டு இலக்கங்கள் விட்டம் 20 மில்லிமீற்றர் என்பதையும், அடுத்த இரண்டு இலக்கங்கள் தடிப்பு 3.2 மில்லிமீற்றர் என்பதையும் குறிக்கும். ஆகவே 2016 என்று எழுதிய பற்றரி அதே விட்டமும் அரைவாசித் தடிப்பும் உடையது. 2032 இருந்த இடத்தில் 2016 ஐப் போட்டு, இடைவெளியை நிரப்பச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மடித்து வைத்த ஒரு திறப்பை நானே கண்டிருக்கிறேன். அது இரண்டு நாள் வேலை செய்தது. மூன்றாம் நாள் தாள் நகர்ந்து பழையபடி ஆகிவிட்டது. கடையில் நெடுங்காலம் வெயில் படும் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கிய பற்றரி, மேலுறை கிழியாமல் இருந்தாலும், தன் சக்தியில் ஒரு பங்கை இழந்திருக்கும். வாங்கும்போதே மீற்றர் வைத்துப் பார்த்து 3 வோல்ற்றுக்குக் குறையாததை எடுப்பது நல்லது. கராஜ்காரர் எவரிடமும் மீற்றர் இருக்கும். பழைய பற்றரியின் கசிவால் தகடு பச்சை பூத்திருந்தால் பிள்ளைகளின் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துச் சிறிது ஸ்பிரிற்றால் துடைத்தாலே போதும்.

வன்னியில் என் வயதுக்காரர்களுக்குப் பற்றரி என்றதும் வேறொரு காலம் நினைவுக்கு வரும். 1990 இல் தொடங்கி நீண்ட பொருளாதாரத் தடையில் டோர்ச் பற்றரியும் தடைப்பட்ட பொருளாக இருந்தது. இறந்த பற்றரியை வெயிலில் காயவைத்தோம். ஆணியால் துளையிட்டு உப்புத் தண்ணீர் விட்டோம். அதுவும் முடியாமற்போனபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடவைத்த கைகளுக்கு எதையும் கழற்றிப் பார்க்கும் துணிவு இயல்பாகவே உண்டு. ஆனால் அந்தப் பழைய வித்தைகளை இந்த லிதியம் வில்லையிடம் காட்டக் கூடாது. இதைச் சூடாக்கினாலோ, துளையிட்டாலோ, மின்னேற்ற முயன்றாலோ வெடிக்கவோ எரியவோ கூடும். கழற்றிய பழைய பற்றரியை முற்றத்தில் எறிவதும் ஆபத்து. சிறு பிள்ளை அதை விழுங்கி, 20 மில்லிமீற்றர் வில்லை உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே கடும் புண் உண்டாகலாம். அப்படி நேர்ந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட வேண்டும்.

தண்ணீரில் விழுந்த திறப்பை அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கும் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அரிசி திறப்புக்குள் மாவைத்தான் கொடுக்கும். செய்ய வேண்டியது, உடனே கூட்டைப் பிரித்துப் பற்றரியை வெளியே எடுப்பது. ஏனெனில் ஈரத்தில் பற்றரி இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பலகையின் செப்புக் கோடுகள் அரிக்கப்படுகின்றன. கடல் நீரில் விழுந்திருந்தால் நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசிய பின், ஸ்பிரிற்றால் கழுவி, நிழலில் காற்றுப்பட ஒரு நாள் உலர்த்த வேண்டும். முல்லைத்தீவுக் கரையில் வள்ளம் தள்ளப் போகும்போது திறப்பை மடியில் கட்டிக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு இது உதவும்.

கூடு உடைந்தால் கூட்டை மட்டும் மாற்றலாம். வெறுங்கூடு கடைகளில் சில ஆயிரம் ரூபாவுக்குள் கிடைக்கிறது. பழைய அலகையும் பலகையையும் சிப்பையும் அதற்குள் மாற்றிவிட்டால் எந்த நிரலும் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சிறிய வேலைதான் எங்கள் ஊரில் ஒருவரைப் பெரிய செலவில் மாட்டியது. அவர் கொழும்பிலிருந்து வந்த உறவினர் மூலம் கூடொன்றை எடுப்பித்து, தானே வீட்டில் இருந்து மாற்றினார். அலகை மாற்றினார், பொத்தான் பலகையை மாற்றினார், கதவு அழகாகத் திறந்தது. பழைய கூட்டை மனைவி கூட்டிய குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிட்டார்கள். மறுநாள் காலையில் கார் இயங்கவில்லை. மெக்கானிக் வந்து பெரிய பற்றரியைப் பார்த்தார், பெற்றோல் வரும் குழாயைப் பார்த்தார். பிற்பகலில்தான் எவரோ முகப்பில் மின்னிய விளக்கைக் கவனித்தார். சிப் பழைய கூட்டின் மூலையிலேயே இருந்து சாம்பலாகிவிட்டது. அவரிடம் இருந்தது அந்த ஒரே திறப்புத்தான். பிறகு திறப்பைப் பழக்கும் கருவியோடு ஆள் யாழ்ப்பாணத்திலிருந்து வரும்வரை கார் ஒரு கிழமை வேப்பமரத்தின் கீழ் நின்றது. கூட்டை மாற்றுகிறவர்கள், புதியதில் கார் இயங்குவதைக் கண்ணால் காணும்வரை பழையதை எறியாதிருப்பார்களாயின் இந்தத் துன்பம் நேராது.

திறப்பை முறுக்காமல் பொத்தான் அழுத்தி இயக்கும் கார்கள் இப்போது இங்கே சாதாரணமாகிவிட்டன. அக்குவா, பிறியஸ் போன்ற கலப்பின (ஹைபிரிட்) வாகனங்களை ஓட்டுகிறவர்கள் திறப்பின் பற்றரி இறந்துவிட்டால் கார் முழுவதுமே இறந்துவிட்டதாக எண்ணிக் கலங்குகிறார்கள். முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில், கச்சான் வாங்க இறங்கிய குடும்பம் ஒன்று இப்படிக் காருக்கு வெளியே நின்று தவித்ததை நான் கண்டேன். அந்தத் திறப்பின் பக்கத்தில் ஒரு சிறிய தாழ்ப்பாள் இருக்கிறது. அதை நகர்த்தி இழுத்தால் உள்ளே ஒளிந்திருக்கும் இரும்பு அலகு வெளிவரும். சாரதிப் பக்கக் கதவை அது திறக்கும். காவல் ஒலி எழுந்தாலும் பயப்படத் தேவையில்லை. உள்ளே அமர்ந்து, பிரேக்கை மிதித்தபடி, திறப்பின் சின்னம் பொறித்த பக்கத்தை இயக்கும் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து, கார் ஒலி எழுப்பியதும் பொத்தானை அழுத்தினால் ரொயோட்டா வாகனங்கள் இயங்கிவிடும். இங்கும் வேலை செய்வது அதே பரடேயின் தூண்டல்தான். வேறு தயாரிப்புகளில் திறப்பைப் பிடிக்க வேண்டிய இடம் வேறுபடலாம்; காரின் கையேடு ஜப்பானிய மொழியில் இருப்பதால் நம்மவர் அதைத் திறப்பதே இல்லை. கைத்தொலைபேசியால் படமெடுத்து மொழிபெயர்க்கும் வசதி இப்போது உள்ளது. ஒரு நாள் ஓய்வாக இருக்கும்போது பார்த்து வைப்பது பயன் தரும்.

இனி, மாற்றித்தான் ஆகவேண்டிய சந்தர்ப்பங்கள். திறப்பு தொலைந்தால், சிப் நொறுங்கினால், பலகையின் கோடுகள் அரித்துப் போனால், அந்தப் பலகையிலுள்ள பிரதான மின்சில்லு எரிந்தால் புதியதைத் தவிர வழியில்லை. அப்போதும் வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கிறது என்பதால் வாங்கிவிடக் கூடாது. ஜப்பான் நாட்டுப் பாவனைக்காகச் செய்யப்பட்ட கார்களின் ரிமோட்டுகள் பொதுவாக 312 முதல் 315 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைவரிசையில் பேசுகின்றன; ஐரோப்பியச் சந்தைக்கு உரியவை பெரும்பாலும் 433.92 மெகாஹேர்ட்ஸில் பேசுகின்றன. கூடும் பொத்தான்களும் அச்சுப்பிசகாமல் ஒன்றாக இருந்தாலும் ஒன்றின் மொழி மற்றதற்கு விளங்காது. பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிய திறப்பை மலிவாக வாங்குவதிலும் சிக்கல் உண்டு: பொத்தான் அழுத்தி இயக்கும் பல கார்களின் திறப்புகள், முதலில் பழக்கப்பட்ட காரோடு பூட்டப்பட்டிருக்கும், அந்தப் பூட்டைக் கருவியால் நீக்கினாலன்றி வேறு காரில் சேரா. அலைவரிசை, பலகையின் இலக்கம், சிப்பின் வகை ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று விற்பவரிடம் கேட்டு, பதிலைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்க வேண்டும். புதிய திறப்பைப் பழக்கும்போது வீட்டிலுள்ள மற்றைய திறப்புகளையும் கொண்டு போக வேண்டும். சில தயாரிப்புகளில், அந்த வேளையில் முன்வைக்கப்படாத பழைய திறப்பைக் கார் மறந்துவிடும்.

இரண்டாவது திறப்பு ஆடம்பரம் என்று எண்ணுகிறவர்கள் நம்மிடையே பலர். நானும் ஒன்பது ஆண்டுகள் ஒரே திறப்போடு ஓட்டியவன். இயங்கும் திறப்பு ஒன்று கையில் இருக்கும்போது இன்னொன்றைச் சேர்ப்பது ஒப்பீட்டளவில் இலகுவான வேலை; சாரதி ஆசனத்துக்கு முன்னால், முகப்பின் கீழ் உள்ள 16 முனைப் பொருத்தில் கருவியை மாட்டிச் சிறிது நேரத்தில் முடித்துவிடலாம். உள்ள திறப்பெல்லாம் போன பிறகு வந்தால், காரின் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழற்றி அதன் நினைவகத்தைப் படிக்க வேண்டிய நிலைகூட வரும். செலவு பல மடங்காகும், காரை லொறியில் ஏற்றும் கூலி அதற்கு வெளியே. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 மாசியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நம்மில் பலர் வாங்கியது கைமாறிக் கைமாறி வந்த கார்களை. அவற்றுள் இரண்டாவது திறப்பு எங்கோ ஒரு கையில் நின்றுவிட்டது. கார் வாங்கும்போது எஞ்சின் ஒலியைக் காது கொடுத்துக் கேட்கிற நாம், இரண்டாவது திறப்பு எங்கே என்று கேட்பதில்லை. அது குத்தகைக் கம்பனியின் அலுமாரியில் இருக்கிறதா, பழைய உரிமையாளரின் மேசையில் இருக்கிறதா என்பது விலை பேசுமுன் தெரிய வேண்டிய செய்தி. தெரியாதவிடத்து, முன்னைய திறப்புகளைக் காரின் நினைவிலிருந்து நீக்கித் தரும்படி பழக்குகிறவரிடம் கேட்கலாம்.

திறப்பு செய்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காரின் பதிவுப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் பார்க்காமல் திறப்பு செய்து கொடுக்காதீர்கள். இவற்றைக் கேட்டால் நம்மவர் சிலர் தங்களைக் கள்ளன் என்று நினைத்துவிட்டதாகச் சினக்கிறார்கள். பதிவுப் புத்தகம் குத்தகைக் கம்பனியிடம் இருந்தால் அதன் பிரதியைக் காட்டலாம். இரண்டாவது திறப்பு செய்விக்கப் போன கடையில் என்னிடம் இவை கேட்கப்பட்டபோது எனக்கு நம்பிக்கை பிறந்ததேயன்றிக் கோபம் வரவில்லை.

கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்திலும் நம் மாவட்டங்களின் ஏனைய தொழிற்பயிற்சி நிலையங்களிலும் வாகனத் தொழில் கற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கைத்தொலைபேசி திருத்தக் கற்றவர்கள் ஒவ்வொரு சந்தியிலும் இருக்கிறார்கள். இந்த இரு சாராருக்கும் நடுவில் கிடக்கும் வேலை இது. மெக்கானிக்குக்கு ஈயம் உருக்கும் நுண்கை இல்லை. கைத்தொலைபேசிக்காரருக்குச் சிப் எங்கே இருக்கும் என்று தெரியாது. இரு கிழமைக்கு மேற்படாத குறுகிய பயிற்சி ஒன்று, சனி ஞாயிறுகளில் நடத்தப்பட்டாலும், மாங்குளத்திலும் புதுக்குடியிருப்பிலும் நெடுங்கேணியிலும் இந்த வேலையைச் செய்யக்கூடிய கைகளை உருவாக்கிவிடும். பழக்கும் கருவி விலை கூடியது என்பதை அறிவேன். ஆனால் நான் மேலே விவரித்த பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கருவி தேவையில்லை, ஈயக்கோலும் மீற்றரும் பூதக்கண்ணாடியும் போதும். பொறுப்பிலுள்ளவர்கள் இதனைக் கவனத்தில் எடுக்க வேண்டும்.

கடைக்காரர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: கூட்டை வாடிக்கையாளர் முன்னிலையில் பிரியுங்கள்; கெட்ட பகுதியைக் காட்டுங்கள்; திருத்தினால் எவ்வளவு, மாற்றினால் எவ்வளவு என்று இரண்டையும் சொல்லுங்கள்; கழற்றிய பழைய திறப்பை உரியவரிடமே திருப்பிக் கொடுங்கள். கழற்றிப் பார்ப்பதற்கென்று ஒரு கூலி வாங்குவதிலும் தவறில்லை. வாடிக்கையாளரும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிட வசதி உண்டு. ஆனால் பற்றுச்சீட்டு இல்லாமல் முறையிடப் போனால் வாய்ச்சொல்லைத் தவிரக் காட்டுவதற்கு எதுவும் இராது.

அயலவருக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு, நானும் சென்ற மாதம் என் காருக்கு இரண்டாவது திறப்பு செய்வித்தேன். இம்முறை போனது வேறொரு கடைக்கு. அவர் பழைய திறப்பை வாங்கிப் பிரித்து, மல்லாவித் தம்பி வைத்த ஈயத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, வேலை துப்புரவாக இருக்கிறது, இதை மாற்ற வேண்டாம் என்று சொல்லித் திருப்பித் தந்தார். புதிய திறப்பின் அலைவரிசையையும் சிப்பின் வகையையும் பற்றுச்சீட்டில் எழுதும்படி கேட்டபோது, இதுவரை எவரும் கேட்டதில்லை என்று சிரித்துக்கொண்டே எழுதினார். அந்தச் சீட்டைப் பதிவுப் புத்தகத்தின் பிரதியோடு சேர்த்து வைத்திருக்கிறேன். திறப்பு வீட்டில் சுவாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
மல்லாவி.